கொங்கிறீட் இடிக்கப் போன இடங்களில்

கொங்கிறீட் இடிக்கிறவன் வேலையைச் சரியாகச் செய்தால் அது யாருக்கும் தெரியாது. பிழையாகச் செய்தால் பலகை கழற்றிய அன்றே ஊருக்கெல்லாம் தெரியும்.

குழைத்துக் கொட்டிய கொங்கிறீட்டுக்குள் காற்று நிற்கும். அதைக் குத்தியோ இடித்தோ தட்டியோ வெளியே எடுக்கவேண்டும். தூணுக்குக் குத்துக்கம்பி, அத்திவாரத்துக்கு இடிகட்டை, தரைக்கு இரண்டு பக்கமும் பிடி வைத்த தட்டுப்பலகை. இந்த மூன்றும்தான் என் சாமான். இப்போது கொங்கிறீட்டை அதிரவைத்துக் காற்றெடுக்கிற போக்கர் மெசின் வந்துவிட்டது என்பீர்கள். வந்துவிட்டதுதான். ஆனால் தீவுக்குப் போகும் சின்ன வள்ளத்தில் அதை ஏற்ற மாட்டார்கள், சின்ன வேலைக்கு அதை எடுக்க மாட்டார்கள், எடுத்த நாளில் அது பாதியில் நின்றுவிடும். அப்போதெல்லாம் கற்பிட்டியில் என்னைத் தேடுவார்கள். உங்களில் யாராவது நாள் முழுக்க ஒரே அசைவை அசைந்து, பின்னேரம் பஸ்ஸில் தனியாக வீடு திரும்புகிறவராக இருந்தால், இனி நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

மெதுவா இடி

ஹனீபா மாமா தொண்ணூறாம் ஆண்டு, முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர். அப்போது அவர் இளந்தாரி. புத்தளம் றோட்டுப் பக்கம் கிடைத்த காணித்துண்டில் கிடுகால் ஒரு குடில் போட்டார். பிறகு கிடுகு தகரமாகியது. ஆனால் கல் மட்டும் வைக்கவில்லை. கேட்டால், திரும்பிப் போகிறவனுக்கு எதற்குக் கல் வீடு என்பாராம். கடைசியில் மகன் பிடிவாதமாக நின்று வீட்டைத் தொடங்கினான். அத்திவாரம் இடிக்க என்னைக் கூப்பிட்டார்கள்.

அத்திவாரத்துக்கு வெட்டிய கிடங்கின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு மாமா உட்கார்ந்துகொண்டார். நான் இடிக்க இடிக்க, மெதுவா இடி, மெதுவா இடி என்றபடி இருந்தார். பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்குகிறதாக்கும் என்று நினைத்தேன். கடைசி மூலை வந்ததும் எழும்பி வந்து, இதை நான் செய்கிறேன் என்று இடிகட்டையை வாங்கினார். கொங்கிறீட்டுக்கு வலிக்கும் என்று பயந்தவர் மாதிரி நாலு தட்டுத் தட்டினார். வீட்டைத் தாங்குகிற மூலை அது. அவர் அஸர் தொழப் போனதும் நான் இறங்கி அதை நன்றாக இடித்துவிட்டேன். திரும்பி வந்தவர் கிடங்குக்குள் எட்டிப் பார்த்தார். கோபிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. கதிரையைத் தூக்கிக்கொண்டு சொன்னார்:

"இடிச்சிட்டாய் என்ன மகன்? சரி, அப்ப இனி இங்கதான்."

எண்ணெய் தேய்க்க ஆள்

வலது தோளுக்குப் பின்னால் ஒரு வலி. இடிகட்டை பிடிக்கிற எல்லாருக்கும் அந்த இடத்தில்தான் வரும். கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் ஒரு தைலம் எழுதித் தந்தார். காலையும் மாலையும் வீட்டில் யாரையாவது தேய்த்துவிடச் சொல்லுங்கள் என்று நேர்ஸ் விளக்கம் சொன்னார். என் மனைவி, சித்தி என்று பெயர், குவைத்தில் ஒரு வீட்டில் சமைக்கிறாள். மகளைக் கலியாணம் முடித்துக் கொடுத்துவிட்டோம், அவள் கொழும்பில் இருக்கிறாள். இடது கையை எப்படி வளைத்தாலும் அந்த இடம் எட்டாது. உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் இப்போதே முயன்று பாருங்கள். ஆகவே தைலத்தைக் கதவு நிலையில் பூசி, முதுகை அதில் வைத்துத் தேய்த்துக்கொண்டேன். நிலை பழைய பாலை மரம், சொரசொரப்பு, நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த முறை போனபோது, தேய்த்தீர்களா என்று நேர்ஸ் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திரும்பச் சொல்லி, சேர்ட்டின் பின்பக்கம் நேர்கோடாகப் படிந்திருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். என் கிளினிக் துண்டில் ஏதோ எழுதியபடி, முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"அடுத்த கிளினிக்குக்கு அந்த நிலையையும் கூட்டிக்கிட்டு வாங்க. நான் ரெண்டு பேருக்கும் சொல்லித் தாறேன்."

மதிலுக்கு அந்தப் பக்கம்

பள்ளிவாசல்துறையில் ஜவுபருக்கும் அவருடைய தம்பி நஸீருக்கும் நடுவில் ஒரு மதில். வாப்பாவின் காணியைப் பிரித்த நாளில் எழும்பிய மதில். அதற்குப் பிறகு இருவரும் பேசியதில்லை. பெருநாள் தொழுகைக்குக்கூட ஒருவர் வாசலில் நின்றால் மற்றவர் ஒழுங்கையால் சுற்றிப் போவார். நான் இரண்டு பேருக்கும் வேலை செய்திருக்கிறேன். ஒருவர் மற்றவரைப் பற்றிக் கேட்பார், ஆனால் பெயர் சொல்ல மாட்டார். அந்தப் பக்கம் எப்படி என்பார்.

ஜவுபர் மேல்மாடிக்கு ஸ்லப் போட்ட நாள். போக்கர் எடுத்திருந்தார்கள். சிலாபத்திலிருந்து வந்த சுனில் பாஸ்தான் மேசன். நான் ஓரங்களைக் குத்துவதற்காக மட்டும் போயிருந்தேன். பாதி ஸ்லப் கொட்டி முடிகிற நேரம் போக்கர் இருமியது, புகைத்தது, நின்றது. சுனில் பாஸ் அதன் ஸ்டார்ட் கயிற்றை இழுத்து இழுத்துக் களைத்துப்போனார். வேறு மெசின் கற்பிட்டியிலிருந்து வரவேண்டும். மேலே வெயில், கடற்காற்று வேறு. கொட்டியது கண் முன்னே காய்ந்துகொண்டு வந்தது. பாதியில் விட்டால் பழையதும் புதியதும் ஒட்டாது. மழைக்கு அந்தக் கோட்டால் தண்ணீர் இறங்கும், ஒரு நாள் கம்பி துருப்பிடித்து உடைந்தும் விழலாம். கொட்டுகிற ஆட்களை நிறுத்தவும் முடியாது, அவர்களில் ஒருவரைக் குத்துவதற்கு எடுக்கவும் முடியாது. ஜவுபர் ஒரு கம்பித்துண்டை எடுத்துக் குத்தத் தொடங்கினார். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். இரண்டு பேருக்கு அது பெரிய ஸ்லப். அவர் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. வெளிநாட்டில் உழைத்ததெல்லாம் அந்தப் பலகைகளுக்கு மேலேதான் கிடந்தது.

நஸீர் தன் முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். போக்கரின் சத்தம் நின்றதும் நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தபடியே இருந்தார். பிறகு வலையைக் கீழே வைத்தார், மதில் ஏறினார், ஏணியால் மேலே வந்தார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கம்பியை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று குத்தத் தொடங்கினார். மீன் பிடிக்கிற கை, சளைக்காது. மற்ற மெசின் வந்து சேரும்வரை மூன்று பேரும் குத்தினோம். மெசின் வந்த பிறகும் அவர் போகவில்லை; மூலைகளை முடித்துக் கொடுத்தார். அண்ணனும் தம்பியும் ஒரு முழ இடைவெளியில் நின்றார்கள்.

வேலை முடிந்தது. ஜவுபரின் மனைவி எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டு வந்தார். நஸீருக்கு வைத்த கோப்பை மட்டும் தட்டில் நின்றது. அவர் ட்ரம்மில் கை கழுவிவிட்டு மதிலை நோக்கி நடந்தார். ஜவுபர் பின்னால் போய், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ என்றார். இத்தனை வருடத்தில் முதல் பேச்சு. நஸீர் மதிலில் ஒரு காலை வைத்தபடி நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் ஒன்ட ஊட்டுக்கு வரல்ல. கொங்கிறீட்டுக்குத்தான் வந்தன்."

உச்சமுனையில் ஒரு நாள் கூடுதலாக

உச்சமுனைத் தீவுக்குத் தண்ணீர்த் தாங்கியின் அடித்தளம் போடப் போனேன். அக்காவை ராத்தா என்றும் அண்ணனை நானா என்றும் கூப்பிடுவது எங்கள் வழக்கம்; அது ரஹீமா ராத்தாவின் வீடு. அவர் மாப்பிள்ளை, அதாவது கணவர், மீன்பிடிக்காகக் கிழக்குப் பக்கம் போயிருந்தார். சீசன் முடியும்வரை வரமாட்டார். பிள்ளைகள் இல்லை. ராத்தாவும் சில ஆடுகளும்தான். வேலையை முடித்துவிட்டுக் கரைக்கு வந்தால், காற்று எழும்பிவிட்டது, வள்ளம் இன்றைக்கு வராது என்றார்கள். பள்ளிவாசல் விறாந்தையில் படுத்தேன். மறுநாளும் காற்று அடங்கவில்லை.

அடித்தளத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனபோது, குசினி வாசலில் மணலுக்குள் கால் புதைகிறது, அதையும் இடித்துத் தரமுடியுமா என்று ராத்தா கேட்டார். கடல் மணல் இடித்து நிற்காது என்றேன். பரவாயில்லை, இடியுங்கள் என்றார். எனக்கும் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இடித்தேன். ஒரு பக்கம் இறுகினால் மற்றப் பக்கம் பிதுங்கியது. நான் நிறுத்தியபோதெல்லாம் உள்ளேயிருந்து, முடிஞ்சிட்டா என்று குரல் வந்தது. இல்லை என்று சொல்லித் திரும்ப இடித்தேன். கடைசியில் குரல் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். சாய்வுக் கதிரையில் வாயைத் திறந்தபடி நல்ல தூக்கம். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் இடித்துவிட்டுத்தான் போனேன்.

அடுத்த நாள் வள்ளம் வந்தது. ராத்தா ஒரு பார்சல் கருவாடு கொண்டு வந்து தந்தார். மணல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அது முந்தி மாதிரித்தான் என்றவர், வள்ளம் கிளம்பும்போது சொன்னார்:

"நேத்துப் பகல் நல்லாத் தூங்கிட்டன் தம்பி. ஊட்டுல ஆள் இரிக்கிற மாதிரியே இருந்திச்சு."

ஓம், ஓம்

ஆலங்குடாவில் குடில் குடிலாகக் கட்டிய ஒரு கபானா ஹோட்டல். காற்றில் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற இடம். நாலு தூண் நிறுத்தவேண்டியிருந்தது. சத்தம் போடாமல் இடிக்க முடியுமா என்று மனேஜர் இர்ஷாத் கேட்டார், விருந்தினர் பகலில் படுப்பார்களாம். குத்துக்கம்பியால் மெல்ல மெல்லக் குத்திக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளைக்காரப் பெண், காலில் கட்டோடு, நொண்டி நொண்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மற்றவர்கள் கடலுக்குப் போயிருந்தார்கள். அவர் கதைக்கத் தொடங்கினார். எனக்கு அந்தப் பாஷையில் ஒரு சொல்லும் தெரியாது. மரியாதைக்குச் சிரித்து, ஓம் என்றேன். அவர் இன்னும் கதைத்தார். நானும் ஓம், ஓம் என்றேன். அவர் நிறுத்திய இடங்களில் நான் தமிழில் சித்தியைப் பற்றியும், தோளைப் பற்றியும் கொஞ்சம் சொன்னேன். கேட்க அவருக்கும் பிடித்திருந்த மாதிரித்தான் தெரிந்தது.

நாலாவது தூண் முடிந்ததும் சீமெந்துக் கையென்றும் பாராமல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், இர்ஷாத்திடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுசி, என்ன சந்தோசமாகக் கதைக்கிறா என்று இர்ஷாத்திடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"அவட மாப்பிள்ளை மௌத்தாகி அடக்கின கதையைச் சொல்லியிருக்கா நானா, நீங்க சிரிச்சிக்கிட்டு ஓம் எண்டிருக்கிறீங்க. ஆனா பரவாயில்லயாம், நடுவில எழும்பிப் போகாத ஆள் நீங்க மட்டும்தானாம்."

தட்டுப்பலகையின் மற்றப் பிடி

சித்தி வரப்போகிறாள் என்று கேள்விப்பட்டதும் என் வீட்டு முன்னறைக்குத் தரை போட்டேன். அதுவரை மணல்தான். ஊரில் எத்தனையோ பேருக்குத் தரை போட்டுவிட்டு நம்ம வீட்டில் மணல் இருந்தால் சிரிப்பார்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். தட்டுப்பலகைக்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு பிடியைப் பிடித்துத் தூக்கித் தட்டியபடி பின்னால் வரவேண்டும். அது நோன்பு நாள். யாரையும் கூப்பிட மனம் வரவில்லை. ஒரு பக்கத்தைத் தூக்கித் தட்டிவிட்டு, சுற்றிப் போய் மற்றப் பக்கத்தைத் தூக்கித் தட்டினேன். அறை முடிய நான் முடிந்துபோனேன்.

அவள் வரவில்லை. வீட்டுக்கார அம்மாவுக்குச் சுகமில்லை, இன்னும் இரண்டு வருடம் நிற்கச் சொல்கிறார்கள் என்று வீடியோ போனில் சொன்னாள். ஓம் என்று சொல்லிவிட்டாளாம். நான் கோபிக்கவில்லை, கோபிக்க நினைத்து, பிறகு போனைத் திருப்பித் தரையைக் காட்டினேன். மூலை மூலையாக நடந்து காட்டினேன். அவள் சமையலறைக் கண் வைத்திருக்கிறவள். நடுவில் ஒரு பள்ளம் தெரிகிறதே, கழுவினால் தண்ணீர் தேங்குமே என்றாள். மற்றப் பக்கம் யார் பிடித்தது என்று கேட்டாள். நானேதான் என்றேன். கொஞ்ச நேரம் போனில் அவள் முகம் அசையவில்லை. லைன் நின்றுவிட்டது என்று நினைத்துப் போனைத் தட்டினேன். லைன் நிற்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேலைத்தலத்தில் எனக்கு உத்தரவு போடுகிற பாஸ் மாதிரிச் சொன்னாள்:

"உள்ளறையைத் தொட வேணாம், மணலாவே கிடக்கட்டும். மற்றப் பிடியை நான் வந்து பிடிக்கிறன்."

இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே வசதி, வீட்டுக்குப் போனால் கதைப்பதற்கு ஆள் இல்லை என்றாலும், கதைக்கிற அளவுக்குத் தெம்பும் மிச்சமிருப்பதில்லை என்பதுதான்.