வாசலுக்குப் போன தண்ணீர்

தேவராஜ மொஹல்லா என்கிற பேட்டையில், மார்க்கெட்டில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்று இருந்தது. தொண்ணூறுகளில் அங்கே ஒரு டீச்சர் இருந்தார்; நான் ஆயா. என் மகளும் அங்கேதான் வளர்ந்தாள். அப்போது அவளுக்கு மூன்று வயது.

ஒருநாள் காலேஜில் படிக்கிற பெண் ஒருத்தி பாட்டிலோடு வந்தாள். பழைய பைப்பிலிருந்து காரீயம் குடிதண்ணீரில் இறங்குமாம். பிள்ளைகளின் மூளைக்கு ஆகாதாம். பரிசோதிக்க வேண்டும் என்றாள்.

எனக்குத் தெரிந்த காரீயம் மீன்வலையில் கட்டுகிற குண்டு. அது எப்படித் தண்ணீரில் இறங்கும்?

"பாத்தா தெரியுங்களா?" என்றேன்.

"தெரியாது ஆயாம்மா. ருசியும் இருக்காது. நாளைக்குக் காலைல குழாய் நல்லியத் திறந்ததும் வர்ற தண்ணிய இதுல பிடிச்சு வைங்க."

மறுநாள் வழக்கம்போல முதல் இரண்டு வாளி வாசலுக்குப் போனது. ராத்திரி முழுக்கப் பைப்பில் கிடந்த தண்ணீரை நான் யாருக்கும் குடிக்கக் கொடுப்பதில்லை. வாசல் கழுவிக் கோலம் போட்டேன். பிறகு பாட்டிலை மூன்று தரம் அலசிப் பிடித்து வைத்தேன்.

பத்து நாளில் பதில் வந்தது. காரீயம் இல்லை. டீச்சருக்குச் சந்தோஷம். அந்தப் பெண்ணுக்குத்தான் திருப்தி இல்லை.

"பக்கத்து ஸ்கூல்ல இருக்கு. அதே பைப்புதான். இங்க மட்டும் எப்படி இல்ல?"

எனக்கும் அதுதான் புரியவில்லை. பிடித்த விதத்தை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

டீச்சர் சிரித்தார். "மாப்பிள்ளைக்குக் காப்பி குடுக்கற மாதிரியில்ல கழுவிக் குடுத்திருக்கே!"

அந்தப் பெண் இரண்டு பாட்டில் கொடுத்தாள். ஒன்று வாசல் தண்ணீருக்கு. ஒன்று அதற்குப் பிறகு குடத்தில் பிடிக்கிற குடிதண்ணீருக்கு.

காலையில் இரண்டையும் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒன்றுபோலத்தான் இருந்தன. வாசல் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் துப்பினேன். வெறும் தண்ணீர்.

வாசல் தண்ணீரில் காரீயம் இருந்தது. குடத்துத் தண்ணீரில் இல்லை.

"ராத்திரி பைப்புல கிடக்கறப்பதான் அது தண்ணில இறங்குது. இத்தன நாளும் உங்க வாசல்தான் குடிச்சிருக்கு, ஆயாம்மா," என்றாள் அந்தப் பெண்.

"சாமிதான் காப்பாத்துச்சு," என்றார் டீச்சர்.

எனக்கு ஊருக்குப் போகிற நாட்கள் நினைவுக்கு வந்தன. மாதம் ஒரு முறை நான் ராமாபுரம் போவேன். மகளையும் கூட்டிப் போவேன். அன்றைக்கு டீச்சர் நேராகக் குடம் நிரப்புவார். வாசல் பக்கமே போக மாட்டார்.

"நான் இல்லாத நாள்லங்க, டீச்சர்?" என்றேன்.

முற்றத்தில் ஒரு பையன் டம்ளரைக் குடத்தில் விட்டு மொண்டு குடித்துக்கொண்டிருந்தான். இருவரும் அவனையே பார்த்தோம்.

பைப் மாற்ற ஒரு வருஷம் ஆனது. அதுவரை ஊருக்குப் போகிற நாளில், டீச்சர் இரண்டு வாளி பிடித்து வாசலில் ஊற்றுவதை நின்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.