மகள் மொழிபெயர்க்காத வசனம்

கனடாவில், றிச்மண்ட் ஹில் கோயிலில் கண்ணை மூடிக் கும்பிட்டபோது என் கணவர் பக்கத்தில் நின்றவர்மேல் சாய்ந்துவிட்டார். பக்தி முற்றிவிட்டது என்று கேலி செய்தேன். அடுத்த கிழமை குளியலறையில், முகத்துக்குச் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடியவர் அப்படியே விழுந்தார்.

காரணம் எங்களுக்குத் தெரியும் என்றே நினைத்தோம். போர் முடிந்த நாட்களில், முள்ளிவாய்க்காலில், சிறுபிள்ளையாக இருந்த மகள் துளசியை நெஞ்சோடு அணைத்தபடி ஓடியபோது ஒரு ஷெல் துண்டு அவருடைய பிடரியில் ஏறியது. இன்னமும் உள்ளேதான் இருக்கிறது. மருத்துவர்களும் முதலில் அதையே சந்தேகித்தார்கள். இவருக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது. "பிள்ளைக்கு வந்ததை நான் வாங்கினனான்" என்பார்.

பிறகு பேச்சும் குழறியது. பிறம்ரனில் பார்த்த வேலையை விட்டார். முதல் மரபணுச் சோதனையில் ஒன்றும் அகப்படவில்லை. நரம்பியல் மருத்துவர் நீள்வாசிப்புச் சோதனைக்கு (டி.என்.ஏ. இழையைச் சிறு துண்டுகளாக அல்லாமல் நீளமாக வாசிப்பது) இரத்தம் எடுத்தார். நம் மரபணுவில் ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. சிலருக்கு அவை அளவுக்கு மீறி நீண்டு நோயாகின்றன. எனக்கு விளங்கியது இப்படி: மாங்காய்க் கரைச் சேலையைத் துண்டு துண்டாகக் கிழித்தால் எல்லாத் துண்டிலும் மாங்காய்தான் இருக்கும். கரையின் நீளம் தெரியச் சேலையை விரிக்க வேண்டும்.

முடிவைச் சொல்ல அழைத்தபோது, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். மகள் இருக்கிறாள் என்றோம். வீட்டுக் கதை ஊருக்கு எதற்கு?

மருத்துவர் சொல்லச் சொல்லத் துளசி தமிழில் சொன்னாள். "அப்பா, ஷெல்லால இல்லையாம். பிறப்பிலயே மரபணுவில இருந்ததாம். மாத்த மருந்து இல்லை. நடைக்குப் பயிற்சி குடுப்பினமாம்."

இத்தனை வருடம் பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மருத்துவர் இன்னொரு வசனம் சொன்னார்.

"என்னவாம் பிள்ளை?" என்றார் இவர்.

"ஒண்டுமில்லை அப்பா. அவ்வளவுதான்."

கடையில் வேலை செய்யும் அளவுக்கு எனக்கு ஆங்கிலம் தெரியும். பிள்ளைக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றுதான் மருத்துவர் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் துளசியே அதை அவரிடம் சொன்னாள். அவர் குழந்தைபோல அழுதார். "அண்டைக்கு ஷெல்லை மறிச்சனான். இதை மறிக்கேலாமல் போச்சே."

"நான் இப்ப எனக்கு அந்தச் சோதனை எடுக்கப் போறேல்லை அப்பா. எடுக்கிற நேரம் சொல்லுறன்," என்றாள்.

இந்த நோயோடு இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குங்கள். தனக்கு வரக்கூடியதைத் தன் வாயாலேயே பெற்றவர்களுக்குச் சொல்லும் வேலையைப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள்.

இவர் இப்போது வோக்கரைப் பிடித்து நடக்கிறார். முன்பு எங்கள் வீட்டில் காலம் போருக்கு முன், போருக்குப் பின் என்று இருந்தது. எப்படியோ தப்பி இந்தப் பக்கம் வந்துவிட்டோம் என்ற ஆறுதல் அதில் இருந்தது. இப்போது அந்த ஆறுதல் இல்லை. யார் நடந்தாலும் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்க்கிறேன்.

நேற்றுக் காலை துளசி வேலைக்குப் புறப்பட்டாள். வாசலில் கால் வழுக்கிக் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். பனிக்காலத்தில் ரொறன்ரோவில் வழுக்காத கால் இல்லை. ஜன்னலில் நின்ற என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐஸ்தான் அம்மா," என்றாள்.