ஒரு தட்டில் ஒரு கை

சரசுவை ஹோமிலிருந்து அனுப்பிவிடுகிறோம் என்ற கடிதத்தை எழுதியவள் நான். ஹோமை நடத்துகிற கமிட்டி முடிவு செய்தது, அதன் செயலாளர் கையெழுத்துப் போட்டார் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் உட்கார்ந்து, கார்பன் பேப்பர் வைத்து, மூன்று காப்பி எழுதியது நான். அதனால் இதை நானே சொல்லிவிடுகிறேன்.

1991ஆம் வருஷம். படப்பையிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில், ஓர் ஏரிக்கரை ஓரமாக எங்கள் ஹோம் இருந்தது. மனவளர்ச்சி குன்றியோர் இல்லம் என்று போர்டு வைத்திருந்தோம். இன்றைக்கு அந்த வார்த்தையை யாரும் எழுதுவதில்லை, நல்லதுதான். முப்பத்திரண்டு பெண்கள் தங்கியிருந்தார்கள். நான் வார்டன், எல்லோருக்கும் வார்டம்மா. எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது, அந்த வேலையில் ஆறு வருஷம். அந்த ஆறு வருஷத்தில் முழுசாகத் தூங்கி எழுந்த நாள் ஒன்றுகூட நினைவில் இல்லை.

எட்டு ஆயா இருக்க வேண்டிய இடத்தில் நான்கு பேர்தான் இருந்தார்கள். ஹைவே பக்கம் ஒவ்வொன்றாகக் கம்பெனிகள் வர ஆரம்பித்திருந்த நேரம் அது. காலையில் கம்பெனி வேன் எங்கள் கேட்டைத் தாண்டித்தான் போகும். இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை எங்கள் ஆயா ஒருத்தி அந்த வேன் ஜன்னலில் உட்கார்ந்து எனக்குக் கை காட்டிக்கொண்டு போவாள். பற்றிக்கொண்டு வரும். ஆனால் குறை சொல்ல முடியாது. பழைய ஆயா லோகு என்னிடம் நேராகவே சொன்னாள்.

"மிஷினு நம்ம மேல வாந்தி எடுக்காது வார்டம்மா. சங்கு ஊதுனா வூட்டுக்குப் போய்னே இருக்கலாம். இங்க இன்னா சங்கா ஊதுது?"

"அப்ப நீ ஏன் போகல?"

"எனுக்கு வேன்ல குந்துனா தலைய சுத்துது."

இந்தக் கதையில் லோகு முக்கியம். அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

1. ரூல்

அதற்கு முந்தைய மழைக்காலத்தில் ஹோமில் மஞ்சள் காமாலை வந்தது. ஒருத்திக்கு வந்து, பக்கத்துக் கட்டிலுக்குத் தாவி, கடைசியில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். இரண்டு பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, நானே கூட இருந்து பார்த்துக்கொண்டேன். ஒருத்தர் எச்சில் இன்னொருத்தருக்குப் போகவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

திரும்பி வந்ததும் ஒரு ரூல் போட்டேன். ஒரு தட்டில் ஒரு கை. சாப்பாட்டு ஹால் சுவரில் பச்சை பெயிண்டில் எழுதவும் வைத்தேன். அங்கே சாப்பிடுகிற ஒருத்திக்கும் படிக்கத் தெரியாது. அந்த எழுத்து கமிட்டிக்காக. பெண்களுக்கு நான் வாயால்தான் கற்றுக்கொடுத்தேன். யாராவது அடுத்தவள் தட்டில் கை வைத்தால், "கை தப்பு" என்று சொல்லி, அந்தக் கையைப் பிடித்து அவள் முதுகுக்குப் பின்னால் வைப்பேன். திட்ட மாட்டேன், அடிக்க மாட்டேன். தினமும் மூன்று வேளையும் அதே வார்த்தை, அதே குரல். ஒரு மாசத்தில் எல்லோரும் பழகிவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு மீறியவள் ரோசி ஒருத்திதான். ரோசிக்கு நாற்பது வயதிருக்கும். ஃபிட்ஸ் உள்ளவள், பக்கத்துக் கிராமத்துச் சர்ச்சிலிருந்து கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அவளுக்கு அடுத்த இடம் சரசுவுக்கு. சரசு அவளைவிடச் சின்னவள், இருபத்தெட்டு. மூன்று வார்த்தைதான் பேசுவாள்: ண்ணா, பாட்டு, போ. ரூல் போட்டதும் மற்றவர்களைப் போலச் சரியாகத்தான் இருந்தாள் ரோசி. பொங்கல் கழிந்ததிலிருந்துதான் சரசுவின் தட்டில் கை வைக்க ஆரம்பித்தாள். எத்தனை தடவை கையை எடுத்து வைத்தாலும் நான் அந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடி வைப்பாள்.

ஏன் ரோசி என்று நான் கேட்டேனா என்றால், இல்லை. கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது என்று நினைத்தேன். இரண்டு பேரையும் பிரித்து, ரோசியை எதிர் வரிசைக் கடைசியில் ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். அவள் எழுந்து வந்தபோதெல்லாம் அதே வார்த்தை சொல்லிக் கையைப் பின்னால் வைத்தேன், கடைசியில் அவளும் பழகிவிட்டாள்.

2. சார்ட்

பிரித்த நாலாம் நாள் சரசு தட்டை எறிந்தாள். சாதமும் சாம்பாரும் சுவரில் வழிந்தன. மறுநாளும் எறிந்தாள். பிறகு அது வழக்கமாகிவிட்டது. இடது கன்னத்தில் தன்னைத் தானே அறைந்துகொள்ளவும் ஆரம்பித்தாள். கேஸ் ஷீட்டில் நான் எழுதினேன்: அடம் அதிகம், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்கிறாள்.

அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸில் ஐந்து நாள் டிரெயினிங் போய் வந்திருந்தேன். பிஹேவியர் சார்ட் போடச் சொல்லிக் கொடுத்தார்கள். கையில் சுத்தி இருந்தால் அடித்துப் பார்க்கத்தானே தோன்றும், அப்படிச் சரசுவுக்கு ஒரு சார்ட் போட்டேன். தட்டை எறியாத வேளைக்கு ஒரு ஸ்டார். வாரத்தில் பத்து ஸ்டார் வந்தால் வெள்ளிக்கிழமை டிவியில் பாட்டுப் பார்க்கலாம். வராவிட்டால் கிடையாது.

சரசுவுக்கு உலகத்தில் பிடித்தது அந்த அரை மணி நேரம் ஒன்றுதான். ஆறு வெள்ளிக்கிழமை அவளை உள்ளே விடவில்லை. டிவி ரூம் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, "பாட்டு, பாட்டு" என்று சொல்லிக்கொண்டே கன்னத்தில் அடித்துக்கொள்வாள். கதவைத் திறந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் கன்சிஸ்டென்டாக, ஒரே மாதிரி கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று டிரெயினிங்கில் சொல்லியிருந்தார்களே. மனசைக் கல்லாக்கிக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் ஆத்திரம் வருகிறது.

ஏழாவது வாரம் அவள் எறிந்த தட்டு புதிதாக வந்த ஆயாவின் நெற்றியில் பட்டு இரண்டு தையல் விழுந்தது. அடுத்த திங்கட்கிழமை அந்தப் பெண்ணும் வேனில் போய்விட்டாள். விஷயம் கமிட்டிக்குப் போனது. செயலாளர் நல்ல மனிதர்தான், ரிட்டையர்டு அதிகாரி. ஆனால் அவருக்கும் வேறு வழி இல்லை.

"பாருங்கம்மா, முப்பத்தோரு பேரைப் பார்க்கவே ஆள் இல்ல. ஒருத்திக்காக இருக்கற ஆயாவும் ஓடிட்டா, நீங்க என்ன பண்ணுவீங்க? லெட்டர் போடுங்க. அண்ணன் வந்து கூட்டிட்டுப் போகட்டும்."

எனக்கும் களைப்பாக இருந்தது. மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கே லெட்டர் போட்டேன்.

3. சிவப்பு மை

சரசுவின் அண்ணன் பெயர் ஏழுமலை. வல்லக்கோட்டைப் பக்கத்துக்காரர். அப்பா, அம்மா இல்லை. அவரும் மனைவியும் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒற்றை ரூமில் வாடகைக்கு இருந்தார்கள். அவருக்கு ஃபவுண்டரியில் வேலை, மனைவிக்கு ஷூ தைக்கிற கம்பெனியில். நைட் ஷிப்ட் முடித்து, முகத்தில் கரியோடு, துணிப்பையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"மேடம், கூட்டினு போறேன். கூடப் பொறந்தவ, வுட்டுட முடியாது. ஆனா ஒண்ணு சொல்றேன். நானும் ஷிப்டு, அவளும் ஷிப்டு. ரூம்ல வெச்சு வெளிய பூட்டிட்டுத்தான் போவணும். ஜன்னல்கூடக் கெடையாது மேடம். தட்ட எறிஞ்சா ஹவுஸ் ஓனரு எங்களியும் தொரத்திருவான். வேற எதுனா வழி கீதா?"

வழி இல்லை என்றேன். அவர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். சரசு அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து "ண்ணா, ண்ணா" என்று சட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

டிஸ்சார்ஜ் பண்ணுவதற்கு ஒரு சம்மரி எழுத வேண்டும். எந்தத் தேதியிலிருந்து என்ன பிரச்சினை என்று டியூட்டி ரெஜிஸ்டரைப் பார்த்து எழுதுவது வழக்கம். ஆயாக்கள் ஷிப்ட் முடிந்ததும் அதில் ஒரு வரி எழுதுவார்கள். பெரும்பாலும் 'நார்மல்' என்று இருக்கும். தவறு நடந்தால் நான் சிவப்பு மையில் அடிக்கோடு போடுவேன். ஜனவரியிலிருந்து புரட்டினேன். ரோசி கை வைத்தாள், ரோசி கை வைத்தாள் என்று ஒரே மாதிரி வரிகள். எல்லாவற்றுக்கும் கீழே என் சிவப்புக் கோடு. நடுவில் லோகுவின் கோணல் எழுத்தில் ஒரு வரி இருந்தது.

'ரோசி சாதத்த கொழைய பிசஞ்சி குடுத்துச்சி. சரசு நல்லா துன்னுச்சி.'

அதற்குக் கீழேயும் சிவப்புக் கோடு. பக்கத்தில் 'கண்டிக்கவும்' என்று என் கையெழுத்து.

சரசு தட்டை எறிந்த முதல் நாளைத் தேடினேன். இருவரையும் பிரிப்பதற்கு முன்னால் அப்படி ஒரு வரிகூட இல்லை. லோகுவைக் கூப்பிட்டேன்.

"லோகு, ரோசி சரசு சாதத்தை எடுத்துத் திங்கலையா?"

"ஐய, ரோசி எதுக்கு வார்டம்மா இது சோத்தத் துன்னப் போவுது? பிசஞ்சி பிசஞ்சி இது வாய்க்கு ஊட்டும். நாந்தான் அப்பவே எழுதனேனே."

"ஏன் பிசையணும்? சரசுவுக்கு மெல்ல வராதா?"

லோகு என்னைப் பார்த்தாள். நான் டார்ச்சை எடுத்தேன்.

ஏழுமலை தலையைப் பிடித்துக்கொள்ள, லோகு தாடையைத் திறந்தாள். வாயைத் திறந்ததுமே நாற்றம் அடித்தது. இடது பக்கம் கீழ்க் கடைவாயில் இரண்டு பல் வேர் வரைக்கும் அழுகி, ஈறு வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. அவள் தினமும் அறைந்துகொண்ட கன்னத்துக்கு நேர் உள்ளே. ஆறு மாசமாக ஒருவரும் அவள் வாய்க்குள் பார்க்கவில்லை. பார்த்தவள் ரோசி ஒருத்திதான். அவளைத்தான் நான் ஜன்னல் பக்கம் தள்ளி வைத்தேன்.

4. தாம்பரம்

செயலாளரைக் கேட்கவில்லை. ஏழுமலை கொண்டுவந்த கடிதத்தையும் ஃபைலில் இருந்த மற்ற இரண்டு காப்பியையும் கிழித்துப் போட்டுவிட்டு, நானும் ஏழுமலையும் சரசுவை நடுவில் உட்கார வைத்துத் தாம்பரம் பஸ் ஏறினோம். பல் டாக்டர் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"நமக்கு இப்படி இருந்தா ரெண்டு நாள் தாங்க மாட்டோம். இவங்க எத்தனை மாசமா தாங்கிக்கிட்டு இருக்காங்க?"

மாத்திரை கொடுத்து வீக்கம் வடிந்த பிறகு, ஒரு வாரம் கழித்து, இரண்டு பல்லையும் பிடுங்கினார். அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் சரசு அண்ணன் தோளில் தூங்கிவிட்டாள். ஏழுமலை மெதுவாகக் கேட்டார்.

"அப்போ பாப்பா இங்கியே இருக்கலாமா மேடம்?"

இருக்கலாம் என்றேன். நம்பாமல் படப்பை வருவதற்குள் இன்னும் இரண்டு தடவை அதையே கேட்டார். 'கண்டிக்கவும்' என்று சிவப்பு மையில் எழுதியவளிடமே கேட்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

அந்த வெள்ளிக்கிழமை சரசு டிவிக்கு முன்னால் முதல் வரிசையில் உட்கார்ந்து பாட்டுப் பார்த்தாள். சார்ட்டை எடுத்து அடுப்பில் போட்டேன். செயலாளர் என்னைக் கூப்பிட்டு, கேட்காமல் செய்ததற்கு ஒரு பிடி பிடித்தார், வாங்கிக்கொண்டேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது சின்ன விஷயம்தான். பேச முடியாதவர் புதிதாக ஒன்று செய்தால், முதலில் வாய், காது, வயிறு, கால் என்று உடம்பைப் பாருங்கள். அடம் என்று எழுதுவது அதற்கப்புறம். ஒருத்தர் ரூலை விடாமல் மீறினால், ஏன் என்று நின்று பாருங்கள். களைப்பாகத்தான் இருக்கும், ஆள் போதாதுதான். எனக்கும் அதே களைப்புதான், அதனால்தான் பார்க்காமல் விட்டேன்.

ஈறு ஆறுகிற வரைக்கும் சரசுவுக்குக் குழையப் பிசைந்துதான் கொடுக்க வேண்டியிருந்தது. ரோசியைப் பழைய இடத்துக்கே கூட்டிவந்து சரசு பக்கத்தில் உட்கார வைத்தேன். சரசு தட்டை அவள் பக்கம் தள்ளினாள். ரோசி என்னைப் பார்த்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கை தப்பு" என்றாள்.

"இல்ல ரோசி. தப்பு இல்ல. நீ பிசஞ்சு குடு. வார்டம்மாதான் சொல்றேன்."

அவள் கையை நானே பிடித்துச் சாதத்தில் வைத்தேன். விரல் விறைத்துக்கொண்டு நின்றது. நான் விட்டதும் கை பின்னால் போய்விட்டது. மறுநாளும் முயன்றேன், அதற்கு மறுநாளும். நான் இல்லை என்றால் வைப்பாளோ என்று கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். லோகுவை விட்டுச் சொல்லச் சொன்னேன். சுவர் எழுத்தைச் சுண்ணாம்பு அடித்து அழித்தேன், அவளுக்குத்தான் அதைப் படிக்கத் தெரியாதே. நான் அங்கே இருந்த மிச்ச வருஷங்களில் ரோசி இன்னொருத்தி தட்டில் கை வைக்கவே இல்லை. அவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தேன்.

சரசுவுக்கு லோகு பிசைந்து ஊட்டுவாள். ரோசி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, சரசு வாங்குகிற ஒவ்வொரு வாய்க்கும் தன் வாயையும் திறந்து மூடுவாள்.