ரப்பர் தட்டும் மர முளையும்

புதன்கிழமை காலை பத்து மணிக்கு எஃபி லம்ஸ்டன் எங்கள் கோல்ஃப் மைதானத்துக் கடைக்கு வந்துவிடுவார். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். பேக்கரிக்கு மேலே இரண்டு அறைகளில் தனியாக இருக்கிறார். கடையில் நிற்பவள் நான். அவர் வாங்குவது எப்போதும் ஒன்றுதான்: குட்டை மர முளை, ஒரு கட்டு.

முதல் அடிக்குப் பந்தைத் தாங்கும் அந்த முளையில் நான்கு வகை வைத்திருக்கிறோம். மரம், மூங்கில், ஒரே அளவுக்கு மேல் மண்ணில் இறங்காத பிளாஸ்டிக், குத்தவே வேண்டாத ரப்பர் தட்டு. மண் உறைந்து கிடக்கும் மாதங்களில்தான் ரப்பரைக் கேட்பார்கள். எஃபி அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை. இத்தனைக்கும் அவருடைய விரல்கள் மடங்கிப்போய்விட்டன; எந்த முளையையும் மண்ணில் அழுத்த முடியாது. கூட ஆடும் ரோனா பெட்ரிதான் ஒவ்வொரு குழிக்கும் முதல் அடிக்கு முன்னால் மண்டியிட்டு முளையை நட்டுக் கொடுப்பார்.

ஆட்டம் தொடங்கும் மேடு கடை ஜன்னலுக்கு எதிரிலேயே இருக்கிறது. பேச்சும் கேட்கும்.

“ஏன்டி, இவ்வளவு தாழ்வா வச்சா பந்து எப்படிப் பறக்கும்?”

“உயரமா வச்சப்ப என்ன கிழிச்ச? கடல்புறாவைத்தானே அடிச்ச?”

“அது குறுக்க வந்துச்சு!”

“அது பாட்டுக்கு உக்காந்திருந்துச்சு, எஃபி.”

சொல்லிவிட்டு ரோனா எஃபியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார். ஒன்பது குழிகள், ஒன்பது முறை.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை ரோனா மட்டும் வந்தார்.

“பிள்ள, எஃபி தலையில அந்த ரப்பரை எப்படியாவது கட்டிவிடு. குனிஞ்சு குனிஞ்சு என் முதுகு போச்சு.”

“நீங்களே சொல்லலாமே?”

“நான் சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா. நீ சொன்னா வியாபாரம்னு நெனச்சுக்குவா.”

மறுநாள் எஃபி கேட்ட மர முளைக் கட்டுக்குப் பக்கத்தில் ரப்பர் தட்டையும் எடுத்து வைத்தேன்.

“இதைக் குத்தவே வேண்டாம். நீங்களே வச்சுக்கலாம்.”

“தெரியும். என்கிட்ட ஒண்ணு இருக்கு.”

“எப்ப வாங்கினீங்க?”

“மூணு வருஷம் இருக்கும். டண்டீ போனப்ப வாங்கினது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆளில்லாதப்ப வந்து ஆடுவேன். அப்ப அதுதான்.”

“அப்புறம் ஏன் புதன்கிழமை மட்டும்...”

வாயை விட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்தது. எஃபி ஜன்னல் வழியே பார்த்தார். வெளியே ரோனா இடுப்பில் கை வைத்துச் சுவரில் சாய்ந்திருந்தார்.

“அவதான் சொல்லச் சொன்னாளா?”

நான் விலைச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“முதுகா?”

“ஆமா.”

“கழுதை. ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?”

மர முளைக் கட்டை என் பக்கமே தள்ளி வைத்தார். பையின் அடி அறையைத் துழாவி, விளிம்பு தேய்ந்துபோன தன் ரப்பர் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

“இனிமே நீ குனிய வேண்டாம். இதைப் பாரு.”

“அடடே, எப்ப வாங்கின?”

“இப்பத்தான்.”

“நல்லதாப் போச்சுடி!” என்றார் ரோனா. அவ்வளவு சந்தோஷமான குரலை நான் அவரிடம் கேட்டதில்லை.

புதன்கிழமைகள் நிற்கவில்லை. ரோனா தன் பந்தை அடித்ததும் பாதைக்கு இறங்கி, தொப்பியை இழுத்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். முதுகு பரவாயில்லையாம்.

நவம்பரில் கடல்மூடுபனி புல்வரை இறங்கியிருந்த ஒரு காலை. எஃபி தட்டை வைத்தார். இரண்டு உள்ளங்கைகளாலும் பந்தைத் தூக்கி அதன்மேல் நிறுத்தினார். நிமிர்ந்தவர், “ஏன்டி, இவ்வளவு...” என்று பக்கத்தில் திரும்பினார். பக்கத்தில் யாரும் இல்லை.

அடித்தார். பந்து நேராகப் பனிக்குள் போனது.

“நல்ல அடி!” கீழே பாதையிலிருந்து ரோனாவின் குரல் வந்தது.

எஃபி குனிந்து தட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்தபடி மேட்டை விட்டு இறங்கினார்.