காலில் சாக்கு கட்டியவர்கள்

வேலைநிறுத்தத்துக்கு ஒரு வரிசை உண்டு: முன்னறிவிப்பு, சமரசப் பேச்சு, தோல்வி அறிக்கை. விழுப்புரம் பக்கத்திலிருந்து கரும்பு வெட்ட வந்த முப்பது பேரும் அதைப் படித்ததில்லை. ஒரு காலை அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஆரணியில் தொழிலாளர் உதவி ஆய்வாளர். கண்ணமங்கலம் சாலையில் இருந்த அந்தத் தோட்டம், ஊருக்குள் பட்டுக்கடை வைத்திருந்த ஒருவருடையது. பேசிய கூலி ஒன்று, கொடுத்தது வேறு. சர்க்கரை ஆலையின் வெட்டு உத்தரவு வந்தாயிற்று. ஒரு வாரத்துக்குள் கரும்பு வண்டி ஏறாவிட்டால் அவருடைய முறை போய்விடும். வெட்ட வந்தவர்களுடைய ஒரே பலம் அந்த ஒரு வாரம்தான்.

அவர்களுடைய மேஸ்திரி என் மேசைக்கு எதிரே நின்றுகொண்டே பேசினார். "காலனி ஆளுங்க எறங்கி வெட்டிட்டா நாங்க மூட்டையக் கட்டிகினு போவ வேண்டியதுதான் சார். பசங்களுக்கு அடுத்த மழை வரிக்கும் கஞ்சி கெடயாது."

மனுவை மூன்று பிரதிகளில் தரச் சொன்னேன்.

"மூணு எழுதி முடிக்கறதுக்குள்ள கரும்பு சக்கரையாயிடும் சார்" என்றார்.

மறுநாளே முதலாளி பக்கத்துக் காலனியிலிருந்து இருபது பேரை இறக்கினார். நெல் அறுப்பிலும் களையெடுப்பிலும் பழகியவர்கள், கரும்புக்குள் நின்றதில்லை. புளியமரத்தடிப் பெண்கள் சும்மா இருப்பார்களா? "வாங்கடி மவராசிங்களா, எங்க சோத்துல மண்ணள்ளிப் போட!" என்று கத்தினார்கள். உள்ளே இருந்தவர்களும் திருப்பிக் கொடுத்தார்கள். "ஊரு உட்டு ஊரு வந்து எங்க வேலைய புட்ச்சிகினது யாரு?"

மத்தியானத்துக்குள் காலனிப் பெண்களின் கெண்டைக்கால்களைக் கரும்புச் சோகை அறுத்து ரத்தம் வழிந்தது. திட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி எழுந்து, தாங்கள் வேலை செய்யும்போது முழங்காலுக்குக் கீழே சுற்றிக்கட்டும் சாக்குத் துண்டுகளைக் கொண்டுபோய் வரப்பில் வீசினாள். "கட்டிக்கோங்கடி. காலு பூரா கிழிஞ்சிகினு கீது, அப்பறம் எங்கமேல பழி."

கருங்காலிக்குக் கவசம் கொடுத்த வேலைநிறுத்தத்தை நான் எந்தச் சட்டப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, ஆய்வுக்குறிப்பு எழுத நான் வரப்பில் நின்றிருந்தேன். ஒரு டெம்போ வந்து நின்றது. முதலாளி வெளியூரிலிருந்து வரவழைத்திருந்த பதினைந்து அடியாட்கள் இரும்புக் குழாயோடு குதித்தார்கள். எவர் முகமும் அவர்களுக்குத் தெரியாது. கடைக் கணக்குப்பிள்ளை அடையாளம் சொல்லி அனுப்பியிருந்தார்: காலில் சாக்கு கட்டியவர்கள்தான் வெளியூர்க்காரர்கள்.

வேலை நிறுத்தியவன் எதற்குச் சாக்கு கட்டுகிறான்? புளியமரத்தடியில் எல்லாக் கால்களும் வெறுங்கால்கள். சாக்குகள் இப்போது காலனி ஆட்களின் கால்களில். டெம்போ ஆட்கள் அவர்களைத் தாண்டி நேராகத் தோட்டத்துக்குள் போனார்கள்.

முதல் அடி ஒரு கிழவரின் முழங்காலில் விழுந்தது. காய்ந்த கழி முறிவதுபோல ஒரு சத்தம். ஒரு பெண்ணை மயிரைப் பிடித்து வெட்டிய கட்டைகள்மேல் இழுத்தார்கள். அந்தக் கட்டைகள் கத்தி மாதிரி இருக்கும், அவள் முதுகு முழுக்கத் திறந்துகொண்டது. இன்னொருத்தி காது கிழிந்து தொங்க, கத்திக்கொண்டே இருந்தாள். "டேய், நாங்க உங்க மொதலாளி கூட்டியாந்த ஆளுங்கடா! எங்கள ஏண்டா அடிக்கிறீங்க?" அடிக்கிறவனுக்கு அது ஒரு தந்திரமாகத்தான் பட்டது. இன்னும் ஓங்கினான்.

அந்த மேஸ்திரி மரத்தடியிலேயே உட்கார்ந்திருக்கலாம். அவருடைய பிழைப்பைப் பறிக்க வந்தவர்களைத்தான் அவருடைய எதிரி அடித்துக்கொண்டிருந்தான். அவர் ஓடினார், பின்னால் முப்பது பேரும் ஓடினார்கள். விழுந்து கிடந்த பெண்ணின்மேல் குனிந்து மறைத்தவருடைய தாடையில் குழாய் இறங்கியது. இரண்டாவது அடியில் பற்கள் தெறித்தன. அதற்குள் காலனி ஆட்களும் அரிவாளைத் திருப்பிப் பிடித்துவிட்டார்கள். ஒரு அடியாளின் இரண்டு விரல்கள் வரப்பில் விழுந்ததைப் பார்த்தேன். டெம்போ பின்பக்கமாகவே சாலை வரை ஓடியது.

நான் என்ன செய்தேன்? பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். ஆய்வுக்குறிப்பில் "சிறு சச்சரவு" என்று எழுதி, அன்று மாலையே அடித்துவிட்டு வேறு எழுதினேன். பணிக்காலத்தில் நான் செய்த ஒரே திருத்தம் அதுதான் என்று சொல்ல முடியாது. வெட்கத்தோடு செய்தது அது ஒன்றுதான்.

மறுநாள் முதலாளி போலீஸ் பாதுகாப்பு தருவதாகக் காலனிக்கு ஆள் அனுப்பினார். காது கிழிந்தவள் கட்டுப் போட்ட தலையோடு வாசலுக்கு வந்தாள். "உன் கரும்ப நீயே கட்ச்சி தின்னு, போ" என்றாள். காலனியிலிருந்து ஒருவரும் இறங்கவில்லை. புளியமரத்தடியில் இப்போது ஐம்பது பேர்.

ஆறாம் நாள் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேஸ்திரியின் தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள், பேச முடியாது. என்னைக் கண்டதும் வலது கையை எடுத்து, கரும்பை அடியில் வெட்டுவதுபோல வீசிக் காட்டினார். வெட்டிவிட்டார்களா என்று கேட்டார்.

"அன்னிக்கி அப்பறம் ஒரு கழிகூட வெட்டல" என்றேன். "உங்க ஆளுங்களுக்கும் காலனிக்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தம். முதலாளி நாளைக்கு என் ஆபீஸுக்குக் கையெழுத்துப் போட வர்றாராம்."

அவர் சிரித்தார். சிரிக்கக்கூடாத வாய் அது. தையல் விட்டு, உதட்டோரத்திலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. நர்ஸ் பஞ்சோடு ஓடிவந்து என்னை முறைத்தாள்.

"யாருங்க உங்கள உள்ள உட்டது? போங்க மொதல்ல."