தொண்ணூற்றாறு கிலோ, கேன் தனி

சேதி வந்தபோது நான் அடி அண்ணாமலையில் ஒரு மாட்டுக் கொட்டகையில், தோள்வரை பிளாஸ்டிக் உறை மாட்டிய கையோடு ஒரு பசுவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது. மாட்டுக்காரர் ஏழுமலைதான் அதை என் பையிலிருந்து எடுத்து என் காதில் வைத்துப் பிடித்தார். பேசியவர் பரமேஸ்வரியின் தம்பி குமார். அக்கா போய்விட்டார் என்று சொன்னார். அதற்குமேல் அழுகைதான் கேட்டது. நான் சினை ஊசியைப் போட்டு முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். பாதியில் விட்டுவிட்டு வந்தேன் என்று தெரிந்தால் பரமேஸ்வரி என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். ஏழுமலை ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். 

கால்நடை ஆய்வாளர் பரமேஸ்வரியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நானும் அவரும் ஒன்றாகப் பயிற்சி பெற்றோம், ஒன்றாக வேலைக்கு வந்தோம், கடைசிவரை ஒருவரையொருவர் மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம். திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள கிராமங்களில் இன்று பால் கறக்கும் மாடுகளில் எத்தனையோ அவர் போட்ட ஊசியில் பிறந்தவை. பருமனான பெண்மணி. மோட்டார் சைக்கிள் ஓட்டுவார். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போதே சிலருக்கு உதட்டோரம் சிரிப்பு வரும். அவர்களுக்காகவும்தான் எழுதுகிறேன்.

சாவு வீட்டிலும் அந்தப் பேச்சு ஓயவில்லை. உடம்பைக் குறைத்திருக்கலாம், பொம்பளைக்கு எதற்கு பைக், அலுவலகத்தில் உட்காரச் சொன்னபோதே உட்கார்ந்திருக்கலாம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். காய்ச்சலில் ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்று மருத்துவர்கள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. கிருமி எடை போட்டுப் பார்த்து ஆளைப் பிடிப்பதில்லை. ஒல்லிக்குச்சியாக இருக்கும் என்னையும் அது பிடிக்கும். இழவு வீட்டில் சண்டை வேண்டாம் என்று ஒரு அரை மணி நேரம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அதற்குமேல் முடியவில்லை; அதைப் பிறகு சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாங்கள் இருவருமே ஸ்கூட்டர்தான் வைத்திருந்தோம். மழைக்காலத்து ஏரிக்கரையில் அதன் சின்னச் சக்கரம் சேற்றில் மாட்டிக்கொள்ளும். சினை ஊசிக்கான காளை விந்தை உறைய வைத்திருக்கும் நைட்ரஜன் கேன் முன்னால் கிடந்து ஆடும். ஒரு நாள் பரமேஸ்வரி விடுப்பு போட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் வாங்கப் போனார். நானும் கூடப் போனேன். கடைக்காரர் வண்டி சாருக்கா என்று பணிவாகக் கேட்டார். "சாரு வூட்ல தூங்கறாரு. எனக்குத்தான், எடுங்க" என்றார். வீட்டில் சார் என்று யாரும் இல்லை. அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

வண்டி வந்த பிறகு முதுகுவலியும் வந்தது. மருத்துவர் எடை என்றார். அம்மா வண்டி என்றார். எங்கள் அதிகாரி இரண்டும் என்றார். பரமேஸ்வரிக்கு மட்டும் வேறொரு சந்தேகம் இருந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்னால் இரும்போடு இரும்பு முட்டும் சத்தம் டங்கென்று கேட்கும். கால்நடை கேம்ப் நாட்களில் பின்னால் உட்கார்ந்து போகும் எனக்கும் அது பல்லில் தெறிக்கும். பின்பக்க ஷாக் அப்சர்பரில் ஒரு வளையம் உண்டு. படிப்படியாக அதைத் திருகினால் ஸ்ப்ரிங் இறுகி, ஓட்டுகிறவர் எடைக்கு ஏற்றபடி வண்டி நிற்கும். அதைச் சரிசெய்ய வேங்கிக்காலில் அன்வர் பாய் கடைக்குப் பலமுறை போனார். பாயும் ஒவ்வொரு முறையும் ஏதோ திருகிவிட்டு, இப்போது சரி என்று அனுப்பிவைப்பார். சத்தம் மட்டும் நிற்கவில்லை.

அன்வர் பாய் கைதேர்ந்தவர். ஆண்கள் வந்தால் எத்தனை கிலோ என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்பார். சொல்வதையும் நம்பாமல் வண்டியில் உட்காரவைத்துப் பார்ப்பார். எங்களை மட்டும் ஒன்றும் கேட்டதில்லை. ஒரு நாள் பரமேஸ்வரி நேராகவே கேட்டுவிட்டார், இதுவரை எத்தனை கிலோவுக்கு வைத்தீர்கள் என்று. பாய் கையிலிருந்த கொக்கி ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டு, எழுபது எழுபத்தைந்து இருக்கும் என்று முனகினார். யார் சொன்னது என்று இவர் விடவில்லை.

"லேடீஸ்கிட்ட எடை கேக்கறது மரியாதையா மேடம்? நானே ஒரு குத்துமதிப்பா, கொஞ்சம் கம்மியா வெச்சேன்" என்றார் பாய்.

அத்தனை நாள் வலிக்கும் அந்த மரியாதைதான் காரணம். அருகிலிருந்த கலெக்டர் அலுவலகத்துக்கு வந்தவர்கள் பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பரமேஸ்வரி குரலைத் தாழ்த்தவில்லை.

"தொண்ணூத்தாறு கிலோ பாய். கேன் தனி. மரியாதைய மனசுல வெச்சுக்கோங்க, ஸ்ப்ரிங்குல வெக்காதீங்க."

டீக்கடையில் தலைகள் திரும்பின. அப்புறம் நடந்ததில்தான் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பாய் ஒரு இஞ்ச் டேப்பை என் கையில் கொடுத்து, அவர் ஏறி உட்காருவதற்கு முன்னும் பின்னும் சக்கரத்துக்கும் சீட்டுக்கும் நடுவே அளக்கச் சொன்னார். நான் நடுத்தெருவில் குந்திக்கொண்டு அளந்தேன். யாரோ சிரித்தார்கள். நம்பர் தெரியவில்லை என்றால் கிட்ட வந்து பார்க்கலாம் என்று பரமேஸ்வரி வண்டிமேல் உட்கார்ந்தபடியே அழைத்தார். யாரும் வரவில்லை. கடைசிப் படி வரைக்கும் திருகியும் வண்டி அதிகமாகவே அமுங்கியது. இந்த ஸ்ப்ரிங்குக்கு மேடத்தைத் தாங்கும் தெம்பு இல்லை என்று ஒப்புக்கொண்டு, பாய் தடித்த கம்பி ஸ்ப்ரிங் தேடிப் பிடித்து மாட்டினார். மறுபடி அளந்து, மறுபடி திருகி வைத்தோம்.

திரும்பும் வழியில் வேகத்தடைகளில் சத்தமே இல்லை. கொஞ்ச நாளில் வலியும் குறைந்துபோனது. நான் மனுஷ வைத்தியர் இல்லை, மாட்டோடு சரி. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

இதற்குள் அதிகாரி பரமேஸ்வரியை அலுவலக வேலைக்கு மாற்ற முடிவு செய்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. மின்விசிறிக்குக் கீழே நாற்காலி, வெயில் இல்லை, எல்லாம் உங்கள் நல்லதுக்குத்தான் என்றார். எங்களில் பலர் அந்த நாற்காலிக்குத் தவம் கிடப்போம். பரமேஸ்வரி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கொட்டகையில் மாட்டைத் தொட்டுச் செய்யும் வேலைக்குத்தான் படித்தேன், அதைப் பிடுங்கிவிட்டு நாற்காலி கொடுத்தால் அது எனக்குத் தண்டனை என்றார். வழியில் விழுந்துவைத்தால் யார் பதில் சொல்வது என்று அதிகாரி கேட்டார்.

"என் வண்டி என்னைத் தாங்குது சார். ஆபீஸ்தான் தாங்க மாட்டேங்குது. பின்னால ஒக்காந்து வந்து பாருங்க, அப்புறம் மாத்துங்க."

எல்லார் முன்னாலும் சொன்னதால் அவரால் மறுக்க முடியவில்லை. வாசலுக்கு வந்தார். பரமேஸ்வரி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் எடை எவ்வளவு சார் என்று கேட்டார். அதிகாரி சுற்றிலும் பார்த்துவிட்டு மெல்லிய குரலில் ஒரு எண்ணைச் சொன்னார். பரமேஸ்வரி அவர் வயிற்றை ஒருமுறை பார்த்தார். வளையத்தை இன்னும் ஒரு படி கூடுதலாக ஏற்றினார். நான் சிரிப்பை அடக்க உள்ளே ஓடிவிட்டேன்.

இருவரும் அடி அண்ணாமலை வரை போய், வரப்போரப் பாதையில் ஒரு கொட்டகைக்குள் நுழைந்து, ஊசி போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். அதிகாரி இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாற்காலிப் பேச்சை அப்புறம் அவர் எடுக்கவில்லை. இன்னும் சில மாதங்களில் அவருக்கே மாற்றல் வந்தது. பரமேஸ்வரி கடைசியாகக் காய்ச்சலில் படுத்த வாரம் வரைக்கும் வண்டி ஓட்டினார்.

பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். அன்றைக்கென்று ஏதாவது ஒரு மாடு பருவத்துக்கு வந்து கத்தும். தடுத்த காவலரிடம் பரமேஸ்வரி, மாட்டுக்குப் பௌர்ணமி அமாவாசை தெரியாது என்று வாதாடிப் பார்ப்பார். அது நடக்காவிட்டால் வண்டியை ஓரம்கட்டிவிட்டு, கேனைத் தோளில் மாட்டிக்கொண்டு, விபூதி பூசிய கூட்டத்தோடு கூட்டமாக நடந்து போவார். உள்ளே தீர்த்தமா என்று பக்தர்கள் கேட்பார்கள். காளை என்று உள்ளதைச் சொல்லிவிட்டு நடப்பார்.

இப்போது சாவு வீட்டில் அந்த அரை மணி நேரத்துக்குப் பிறகு நடந்ததற்கு வருகிறேன். வீட்டு வாசலில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் இருந்த பெண்ணை எனக்குத் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, கழுத்து நீண்டு, தோள் பாதியாகிப் போயிருந்தது. கீழே பரமேஸ்வரி என்று எழுதியிருந்தது. பேனர் கடைக்காரர் கம்ப்யூட்டரில் இளைக்க வைத்திருந்தார். எதற்கு என்று குமாரைக் கேட்டேன். அழகாக இருக்கட்டும் என்றுதான், நாலு பேர் பார்ப்பார்களே என்றார். அவரை நோவதற்கில்லை. அக்கா மேல் உயிரையே வைத்திருந்தவர்.

ஆனாலும் என்னால் பொறுக்க முடியவில்லை. வாழ்நாள் முழுக்க ஒரு கிராம் குறைத்துச் சொல்லாத பெண்ணை, செத்த பிறகு ஆளாளுக்கு இளைக்க வைக்கிறீர்களே என்று கத்திவிட்டேன். இத்தனை பேர் நடுவில் ஒரு பொம்பளை கத்துகிறாளே என்று பார்த்தவர்கள் பார்க்கட்டும். குமார் என்னைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார். பிறகு அவரே ஏறிக் கயிற்றை அவிழ்த்தார். என் போனில் இருந்த படத்தைக் கடைக்கு அனுப்பினோம். வண்டிமேல் கேனோடு உட்கார்ந்து வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிற படம். தொட்டால் தொலைத்துவிடுவேன் என்று கடைக்காரரிடம் நானே போனில் சொன்னேன். இந்தக் கட்டுரையோடு அச்சாவதும் அதே படம்தான்.

மாலையில் எடுத்தார்கள். கிராமங்களிலிருந்து மாட்டுக்காரர்கள் வந்து தெருவை அடைத்து நின்றார்கள். பாடையின் முன்பக்கம் குமாரும் ஏழுமலையும். பின்பக்கம் உறவுக்காரப் பையன் ஒருவரும் அன்வர் பாயும். தூக்கிய வேகத்தில் பையன் தள்ளாடி, ரொம்ப கனமா இருக்காங்க என்று முனகிவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் உஸ் என்று அடக்கினார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஏழுமலை மட்டும் திரும்பிப் பார்த்தார்.

"கனமாத்தான்டா இருப்பாங்க. தோள மாத்திப் புடி."

பையன் தோள் மாற்றினார். பாடை நிமிர்ந்தது. தெரு முனை திரும்பும்வரை அது சாயவில்லை. மேடம், போய் வாருங்கள்.