மடங்கிய விரல்

கறம்பக்குடி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண், புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருந்தார். மடக்குக் கத்தியை விரித்தவர், அலகை மடங்காமல் பிடிக்கும் பூட்டு விழுந்த பிறகும் அதன் முதுகைச் சீட்டுக் கம்பியில் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் கொய்யாவை நறுக்கினார். விரலில் புதுத் தழும்பு.

"இந்தக் கத்திதாங்களா?" என்றேன்.

"ஆமாங்க. நர்சரியில மாங்கன்னு ஒட்டுக் கட்டுறேன். பிசின் அப்பி, பூட்டு சரியா விழாமலே தேஞ்சுபோச்சு. வேலையில மடங்கி வெட்டிருச்சு. வெரலு அம்புட்டுத்தான்னு நெனச்சேன். இப்ப பட்டறையில பூட்டை மாத்திட்டேன். தெனம் தொடச்சு ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் விடுறேன்."

"திரும்ப அதே வேலையா?"

"இன்னைக்குத்தாங்க மறுபடி போறேன். வெரலு மடங்குது பாருங்க."

மடக்கிக் காட்டிச் சிரித்தார். நர்சரி வாசலில் இறங்கி வேகமாக உள்ளே நடந்தார். அன்று அவர் கட்டிய ஒட்டு துளிர்த்திருக்கும் என்றே நம்புகிறேன்.